விர்ச்சுவல் பாக்ஸில் உபுண்டு: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

விர்ச்சுவல் பாக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, ஓட்டும் மென்பொருள்; உபுண்டு ஒரு லினக்ஸ் இயங்குதளம். விர்ச்சுவல் பாக்ஸில் உபுண்டு ஏறாமல் பாதியில் நின்றால், பெரும்பாலோர் அந்த மெய்நிகர் கணினியையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டாம் முறையும் அது அதே இடத்தில்தான் நிற்கும். கோளாறு பெரும்பாலும் அதற்கு வெளியே இருப்பதுதான் காரணம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்பில்) அணைந்து கிடக்கும் ஒரு வசதி, விண்டோஸ் பின்னால் ஓட்டிக்கொண்டிருக்கும் ஹைப்பர்-வி (விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதி), பாதியில் அறுந்த பதிவிறக்கம், முதல் திரையில் கவனிக்காமல் விட்ட ஒரு டிக் என்று ஏதோ ஒன்று. அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தாலும் இவற்றில் எதுவும் மாறுவதில்லை.

அதனால் எங்கே நின்றது என்பதை முதலில் பாருங்கள். 'ஸ்டார்ட்' அழுத்தியவுடனே பிழைப் பெட்டி வந்தால் கோளாறு உங்கள் உண்மையான கணினியில், அதாவது ஹோஸ்டில். கறுப்புத் திரையில் 'பூட்டபிள் மீடியம்' பற்றி ஏதாவது வந்தால் ஐ.எஸ்.ஓ. கோப்பில் (உபுண்டுவை நிறுவப் பதிவிறக்கிய கோப்பு), அல்லது அதை மாட்டிய விதத்தில். உபுண்டு சின்னம் தெரிந்த பிறகு நின்றால் ரேமில், திரை அமைப்பில், அல்லது உபுண்டுவில். ஏறி முடிந்த பிறகு வரும் தொல்லைகள் தனி வகை.

கீழே உள்ளவை விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில், விர்ச்சுவல் பாக்ஸ் 7 வரிசையில், உபுண்டு 24.04 டெஸ்க்டாப்பை ஏற்றுபவர்களுக்கு. லினக்ஸ் ஹோஸ்ட், மேக் பற்றிய குறிப்புகளும் பின்னால் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது.

விர்ச்சுவல் பாக்ஸே நிறுவப்படவில்லை

'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 2019 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' வேண்டும் என்று சொல்லி நிறுவி நின்றுவிடும். அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 64-பிட் விண்டோஸுக்கு எக்ஸ்64 கோப்பு. நிறுவிவிட்டுக் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, விர்ச்சுவல் பாக்ஸ் நிறுவியை மறுபடி ஓட்டினால் போதும். நடுவே பைத்தான் இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். நிரல் எழுதி விர்ச்சுவல் பாக்ஸை இயக்கப்போகிறவர்களுக்குத்தான் அது தேவை. 'யெஸ்' கொடுத்து நகர்ந்துவிடலாம்.

பட்டியலில் 32-பிட் மட்டுமே தெரிகிறது, அல்லது 'வி.டி.-எக்ஸ் இஸ் டிசேபிள்டு' என்று பிழை வருகிறது

ஏ.எம்.டி. சில்லு உள்ள கணினியில் இதே பிழை 'ஏ.எம்.டி.-வி' என்ற பெயரிலோ 'எஸ்.வி.எம்.' என்ற பெயரிலோ வரும். பொருள் ஒன்றுதான்: மெய்நிகர் கணினிக்கு வழிவிடும் வசதி சில்லுவில் இருக்கிறது, பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறது.

உறுதிசெய்ய டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' தாவலில் 'சி.பி.யு.'வைச் சொடுக்குங்கள். வரைபடத்துக்குக் கீழே உள்ள சிறு எழுத்துகளில் 'விர்ச்சுவலைசேஷன்' என்றொரு வரி இருக்கும். அங்கே 'டிசேபிள்டு' என்று இருந்தால் பயாஸுக்குப் போக வேண்டும்.

எஃப்2, எஃப்10, டெலீட் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விசையை வைத்திருக்கிறது. இப்போதைய மடிக்கணினிகள் அதை அழுத்த நேரம் தருவதற்குள் விண்டோஸுக்குள் போய்விடுகின்றன. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத்திரை வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' என்று போனால் பயாஸ் தானே திறக்கும். உள்ளே இன்டெல் என்றால் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏ.எம்.டி. என்றால் 'எஸ்.வி.எம். மோடு'. பெரும்பாலும் 'அட்வான்ஸ்டு' அல்லது 'சி.பி.யு. கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் இருக்கும். 'எனேபிள்டு' ஆக்கி, சேமித்து வெளியே வாருங்கள்.

பயாஸைத் தொடும் முன் ஒரு காரியம் கட்டாயம். பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' (வன்தட்டைச் சாவியால் பூட்டி வைக்கும் வசதிகள்) இயங்கும் மடிக்கணினியில், பயாஸ் அமைப்பை மாற்றிய பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த கணினி என்றால் அவர்களிடம் கேட்காமல் பயாஸுக்குள் போகவே வேண்டாம்.

ஏறுகிறது, ஆனால் ஆமை வேகம்

வார்த்தைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஆமை. மெய்நிகர் கணினி ஓடும் சாளரத்தின் கீழ்ப்பட்டையில், வலது பக்கம் உள்ள சின்னங்களுக்கு நடுவே பாருங்கள். சில்லு போன்ற நீலச் சின்னம் இருந்தால் நல்லது. பச்சை ஆமை இருந்தால், விர்ச்சுவல் பாக்ஸுக்குச் சில்லுவின் வசதி நேரடியாகக் கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸின் ஹைப்பர்-வி அதை முன்னதாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. விர்ச்சுவல் பாக்ஸ் 6.0 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட நிலையில் ஓடாமல் நிற்பதில்லை. ஹைப்பர்-வியின் வழியாகவே எப்படியோ ஓடுகிறது. அதனால்தான் பிழை எதுவும் வருவதில்லை. மவுஸ் தாமதமாக நகரும், நிறுவல் முடிவில்லாமல் இழுக்கும், சில சமயம் கெர்னல் பேனிக் ஆகி (லினக்ஸின் மையப் பகுதியே நிலைகுலைந்து) நின்றும்விடும்.

'நான் ஹைப்பர்-வி போடவே இல்லையே' என்பார்கள். உண்மைதான், பல கணினிகளில் யாரும் அதை வேண்டுமென்று போடுவதில்லை. அது மூன்று வழிகளில் உள்ளே வருகிறது. டபிள்யூ.எஸ்.எல். 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) நிறுவியிருந்தால் 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்' கூடவே வந்திருக்கும். டாக்கர் டெஸ்க்டாப்பும் அப்படித்தான். மூன்றாவது வழிதான் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11 உடன் வரும் புதிய மடிக்கணினிகள் பலவற்றில், 'விண்டோஸ் செக்யூரிட்டி' செயலியின் 'டிவைஸ் செக்யூரிட்டி' பக்கத்தில் 'கோர் ஐசொலேஷன்' என்ற பிரிவின் கீழ் 'மெமரி இன்டெக்ரிட்டி' தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கு அடியில் ஓடுவதும் ஹைப்பர்-விதான்.

ஆமையை விரட்டுவதற்கு முன் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். டாக்கரும் டபிள்யூ.எஸ்.எல்.லும் தினமும் தேவை என்றால் ஆமையோடு இருந்துவிடுங்கள். மெய்நிகர் கணினிக்கு இரண்டு சி.பி.யு.வும், உபுண்டுவின் லேசான வகையான லுபுண்டுவும் கொடுத்தால் வேலை ஓடும். டெர்மினலில் லினக்ஸ் கற்றுக்கொள்வது மட்டுமே நோக்கம் என்றால் டபிள்யூ.எஸ்.எல்.லே போதுமானது, விர்ச்சுவல் பாக்ஸ் தேவையில்லை. முழு உபுண்டு டெஸ்க்டாப்தான் வேண்டும், மற்றவை தேவையில்லை என்பவர்கள் இப்படிச் செய்யுங்கள்:

முதலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' திறந்து, 'ஹைப்பர்-வி', 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்', 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' மூன்றின் டிக்கையும் எடுங்கள். பிறகு 'மெமரி இன்டெக்ரிட்டி'யை அணையுங்கள். இது ஒரு பாதுகாப்பு வசதி என்பதை மறக்க வேண்டாம். தெரியாத இடத்திலிருந்து டிரைவர்களை இறக்கி நிறுவும் பழக்கம் உள்ள கணினியில் அதை அணைக்காமல் விடுவதே நல்லது. ரீஸ்டார்ட் செய்தும் ஆமை போகவில்லை என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆகத் திறந்து இந்தக் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் கொடுங்கள்: பிசிடிஎடிட், ஓர் இடைவெளி, சாய்கோடும் செட்டும், ஓர் இடைவெளி, ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் (ஒரே சொல்லாக), ஓர் இடைவெளி, ஆஃப். முழுதாக ஷட் டவுன் செய்து திரும்ப ஆன் செய்தால் நீலச் சின்னம் வந்துவிட வேண்டும். பழைய நிலைக்குத் திரும்ப, அதே கட்டளையின் கடைசிச் சொல்லை 'ஆட்டோ' என்று மாற்றினால் போதும்.

டாஸ்க் மேனேஜரில் 'விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு' என்று தெரிவது, ஹைப்பர்-வி குறுக்கே நிற்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. அந்த வரி பயாஸைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஹைப்பர்-வியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆமையைத்தான் பார்க்க வேண்டும்.

'நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்'

பூட் ஆவதற்கு எதுவும் மாட்டப்படவில்லை, அல்லது மாட்டியது பழுது. 'செட்டிங்ஸ்' போய் 'ஸ்டோரேஜ்' பாருங்கள். குறுந்தகடு போன்ற சின்னத்துக்கு எதிரே 'எம்ப்டி' என்று இருந்தால் அதைச் சொடுக்கி, வலப்பக்கம் உள்ள குறுந்தகட்டுச் சின்னத்தின் வழியாக ஐ.எஸ்.ஓ. கோப்பைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேருக்கு இத்துடன் சரியாகிவிடும்.

ஐ.எஸ்.ஓ. மாட்டியிருந்தும் இதே செய்தி வந்தால் கோப்பின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐ.எஸ்.ஓ. ஏறக்குறைய 6 ஜி.பி. அலைபேசி இணையத்தில் இறக்கும்போது நடுவே அறுந்து, 3 ஜி.பி.யோடு முடிந்தது போலக் காட்டுவது உண்டு. நண்பரிடமிருந்து பென் டிரைவில் வாங்கும்போது வேறொரு தொல்லை: எஃப்.ஏ.டி.32 வடிவத்தில் உள்ள பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. பென் டிரைவை எக்ஸ்-ஃபேட் ஆக ஃபார்மேட் செய்துவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும்.

கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க, அளவை மட்டும் பார்த்தால் போதாது. 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலச்சொடுக்கி 'சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ.' மெனுவில் 'எஸ்.எச்.ஏ.-256' கொடுங்கள். வரும் 64 எழுத்து வரிசையை, உபுண்டுவின் பதிவிறக்கப் பக்கத்தில் உள்ள வரிசையோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பைத் திரும்ப இறக்குங்கள். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம் அளவுதான். நிறுவல் 80 சதவீதத்தில் நின்றுபோகும் பல வழக்குகளுக்கும் பழுதான ஐ.எஸ்.ஓ.தான் காரணம் என்பதால், இந்தச் சோதனையை நான் யாருக்கும் தவிர்க்கச் சொல்வதில்லை.

கோப்பின் பெயரையும் படியுங்கள். 'ஏ.எம்.டி.64' என்று இருப்பதைப் பார்த்து, 'என்னுடையது இன்டெல்' என்று சொல்லி 'ஆர்ம்64' கோப்பை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 64-பிட் கட்டளைத் தொகுதியை முதலில் ஏ.எம்.டி. வடிவமைத்ததால் வந்த பெயர் அது. இன்டெல் கணினிக்கும் 'ஏ.எம்.டி.64' கோப்புதான்.

இன்னொரு காரணம் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்' பக்கத்தில் உள்ள 'எனேபிள் இ.எஃப்.ஐ.' என்ற டிக். நிறுவும்போது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் பிறகும் இருக்க வேண்டும். உபுண்டு ஏறிய பிறகு அதை மாற்றினால், நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கணினி மஞ்சள் எழுத்துகள் கொண்ட யு.இ.எஃப்.ஐ. ஷெல்லில் போய் நிற்கும். டிக்கைப் பழையபடி வைத்தால் திரும்ப எழும்.

கறுப்புத் திரை, அல்லது ஊதாத் திரையிலேயே நிற்கிறது

'டிரை ஆர் இன்ஸ்டால் உபுண்டு' கொடுத்த பிறகு எதுவும் வராவிட்டால் முதலில் ஐந்து நிமிடம் பொறுங்கள். கீழ்ப்பட்டையில் வன்தட்டு, குறுந்தகட்டுச் சின்னங்கள் மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. அவையும் அடங்கிவிட்டால் மெய்நிகர் கணினியை 'பவர் ஆஃப்' செய்து 'டிஸ்ப்ளே' அமைப்புக்குப் போங்கள். 'வீடியோ மெமரி' 16 எம்.பி. என்று இருந்தால் 128 ஆக்குங்கள். 'கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர்' வி.எம்.எஸ்.வி.ஜி.ஏ. ஆக இருக்கட்டும். '3டி ஆக்ஸலரேஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் கறுப்பாகவே இருந்தால், தொடக்க மெனுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' வரியைத் தேர்ந்தெடுங்கள்.

'டி.ஆர்.எம்.' என்று தொடங்கி 'ஃபெயில்டு டு சென்ட் ஹோஸ்ட் லாக் மெசேஜ்' என்று ஒரு வரி திரையில் வந்துபோகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நன்றாக ஓடும் கணினிகளிலும் அது வருகிறது.

திரையைவிட அதிகமாகக் காரணமாக இருப்பது ரேம். விர்ச்சுவல் பாக்ஸ் தானாகக் காட்டும் அளவு 2048 எம்.பி. உபுண்டு 24.04 டெஸ்க்டாப் எதிர்பார்ப்பது 4 ஜி.பி., அதாவது 4096. 2 ஜி.பி.யில் நிறுவல் தொடங்கும், பாதியில் மூச்சுத் திணறும், நிறுவிச் சாளரம் சொல்லாமல் மூடிக்கொள்ளும். ஹோஸ்டில் 8 ஜி.பி. இருந்தால் 4096 கொடுங்கள், நிறுவும் நேரத்தில் குரோமை மூடிவிடுங்கள். ஹோஸ்டிலேயே 4 ஜி.பி.தான் என்றால் உபுண்டுவோடு மல்லுக்கட்ட வேண்டாம், லுபுண்டுவையோ எக்ஸ்.எஃப்.சி.இ. திரை கொண்ட டெபியனையோ எடுத்துக்கொள்ளுங்கள். அளவுப் பட்டையின் பச்சைப் பகுதியைத் தாண்டி இழுக்கக் கூடாது. ஹோஸ்ட் வீட்டுக்காரர் மாதிரி, கெஸ்ட் (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி) குடித்தனக்காரர் மாதிரி. வீட்டுக்காரர் சமைக்க இடமில்லாமல் முழு வீட்டையும் குடித்தனத்துக்குக் கொடுத்தால் இருவருக்கும் சோறில்லை. சி.பி.யு. எண்ணிக்கையும் அப்படியே. இரண்டு போதும், ஒன்றாக மட்டும் விட வேண்டாம்.

'எரேஸ் டிஸ்க்' என்று கேட்கிறது. கொடுத்தால் விண்டோஸ் போய்விடுமா?

இது பிழை அல்ல, ஆனால் நிறையப் பேர் நிறுவலைக் கைவிடும் இடம். போகாது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் உபுண்டுவின் கண்ணுக்கு உங்கள் உண்மையான வன்தட்டு தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் வி.டி.ஐ. என்று முடியும் ஒரே ஒரு கோப்பு, 25 ஜி.பி. வன்தட்டு போல வேடமிட்டு நிற்பது. அந்தத் திரையில் காட்டும் வன்தட்டின் பெயர் 'விபாக்ஸ் ஹார்டுடிஸ்க்' என்று இருக்கும், அளவும் நீங்கள் கொடுத்த அளவாகவே இருக்கும். இரண்டையும் சரிபார்த்துவிட்டுத் துணிந்து கொடுங்கள். வன்தட்டைக் கையால் பிரிக்கும் 'மேனுவல்' வழி தேவையில்லை.

இதே வாசகம் பென் டிரைவிலிருந்து உண்மையான கணினியில் பூட் செய்யும்போது வந்தால், அங்கே அது உண்மையிலேயே விண்டோஸை அழித்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நிறுவியின் 'நெக்ஸ்ட்' பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிட்டது

திரை 800-க்கு 600 அளவில் வந்திருக்கிறது. 'வியூ' மெனுவில் 'விர்ச்சுவல் ஸ்க்ரீன் 1' கீழே பெரிய அளவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த மெனு மங்கிக் கிடந்தால், ஆல்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்திவிட்டு மவுஸால் சாளரத்தை மேலே தள்ளலாம்.

மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வராவிட்டால் வலது கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டுங்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்த இடத்தில் கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது, வலது கன்ட்ரோலே கிடையாது. அப்படியானால் 'ஃபைல்', 'பிரிஃபரன்சஸ்', 'இன்புட்' போய் 'ஹோஸ்ட் கீ காம்பினேஷன்' என்பதில் வேறு விசையை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது

பெரும்பாலும் இணையத்திலிருந்து மொழித் தொகுப்புகளையும் புதுப்பிப்புகளையும் இழுத்துக்கொண்டிருக்கும். 'டிவைசஸ்', 'நெட்வொர்க்' மெனுவில் 'கனெக்ட் நெட்வொர்க் அடாப்டர்' டிக்கை எடுங்கள். இணையம் இல்லை என்று தெரிந்ததும் உள்ளதை வைத்து நிறுவி முடித்துவிடும். புதுப்பிப்புகளைப் பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் திரும்பவும் நிறுவியே வருகிறது

ஐ.எஸ்.ஓ. இன்னும் மாட்டியே இருக்கிறது. 'டிவைசஸ்', 'ஆப்டிகல் டிரைவ்ஸ்', 'ரிமூவ் டிஸ்க்' கொடுத்துவிட்டு 'மெஷின்' மெனுவில் 'ரீசெட்' செய்யுங்கள். 'பிளீஸ் ரிமூவ் த இன்ஸ்டலேஷன் மீடியம்' என்ற வரியோடு நின்றால் என்டர் தட்டினால் போதும்.

உள்ளே வந்தாயிற்று, ஆனால் நான் வைக்காத பயனர் பெயர், டெர்மினல் திறக்கவில்லை, சூடோவும் இல்லை

விர்ச்சுவல் பாக்ஸ் 7.0 வெளிவந்த 2022-க்குப் பிறகு அதிகமாகக் காணும் தொல்லை இது. மூன்று அறிகுறிகளுக்கும் வேர் ஒன்றுதான். புதிய மெய்நிகர் கணினி செய்யும் முதல் திரையில் ஐ.எஸ்.ஓ.வைத் தேர்ந்தெடுத்தவுடன், விர்ச்சுவல் பாக்ஸ் 'அன்அட்டெண்டெட் இன்ஸ்டலேஷன்' என்ற பாதைக்குள் போய்விடுகிறது. உபுண்டு கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அதுவே பதில் சொல்லி நிறுவிவிடும். மொழி கேட்காது, பெயர் கேட்காது. கடைசியில் 'விபாக்ஸ்யூசர்' என்ற பயனர் பெயரோடு நிற்கும்; கடவுச்சொல் 'சேஞ்ச்மீ', எல்லாம் சிற்றெழுத்து.

இதைத் தவிர்க்கும் வழி எளிது: அதே முதல் திரையில் 'ஸ்கிப் அன்அட்டெண்டெட் இன்ஸ்டலேஷன்' என்பதற்கு டிக் போடுங்கள். புதிய பதிப்பில் இது தலைகீழாக, டிக்கை எடுக்கும் விதத்தில் இருக்கலாம்; வாசகத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். முதல்முறை லினக்ஸ் ஏற்றுகிறவர் நிறுவியின் ஒவ்வொரு திரையையும் தன் கண்ணால் பார்ப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. தானியங்கி நிறுவல் அந்தப் பாடத்தையே பறித்துவிடுகிறது.

ஏற்கெனவே அப்படி ஏற்றியாயிற்று, நிறையக் கோப்புகளும் உள்ளே வந்துவிட்டன என்றால் சரிசெய்யலாம். டெர்மினல் திறக்காததற்குக் காரணம் மொழி அமைப்பு யு.டி.எஃப்.-8 ஆக இல்லாதது. உபுண்டுவின் 'செட்டிங்ஸ்', 'ரீஜன் அண்ட் லாங்குவேஜ்' போய் மொழியை வேறோர் ஆங்கிலத்துக்கு, 'கனடா' என்றோ 'யுனைடெட் கிங்டம்' என்றோ, மாற்றிவிட்டு மெய்நிகர் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெர்மினல் திறக்கும்.

அடுத்து சூடோ, அதாவது நிர்வாகியின் உரிமையோடு வேலைகளைச் செய்ய உதவும் கட்டளை. 'நாட் இன் த சூடோயர்ஸ் ஃபைல்' என்று சொன்னால் அந்தப் பயனருக்கு நிர்வாக உரிமை இல்லை. டெர்மினலில் 'சு' என்ற இரண்டெழுத்துக் கட்டளை, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு கொடுத்து என்டர் தட்டினால் ரூட்டின் (தலைமை நிர்வாகிக் கணக்கின்) கடவுச்சொல்லைக் கேட்கும். தானியங்கி நிறுவலில் ரூட்டுக்கும் அதே 'சேஞ்ச்மீ'தான். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்பு. உள்ளே போனதும் 'யூசர்மாட்' கட்டளையை 'ஏஜி' என்ற கொடியோடு (சிறுகோடு, சிறிய ஏ, பெரிய ஜி) கொடுத்து, குழுவின் பெயராக 'சூடோ', பிறகு உங்கள் பயனர் பெயர் என்று முடியுங்கள். பெரிய ஜி மட்டும் போட்டு சிறிய ஏ-வை விட்டுவிட்டால் அந்தப் பயனர் மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் கழன்றுவிடுவார். ரீஸ்டார்ட் செய்த பிறகு சூடோ வேலை செய்யும். கடவுச்சொல்லையும் கையோடு மாற்றிவிடுங்கள். 'சேஞ்ச்மீ' உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல்.

கடவுச்சொல் சரியாகத்தான் தட்டுகிறேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது

நிறுவும்போது விசைப்பலகையாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது வரும். ஆசை நியாயமானது, இடம்தான் தவறு. கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரியும்; உள்ளே போவது தமிழ் எழுத்தா ஆங்கில எழுத்தா என்று தெரியாது. நுழைவுத் திரையின் மேல்பட்டையில் விசைப்பலகைக் குறி இருந்தால் அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றி முயலுங்கள். புதிதாக நிறுவுகிறவர்கள் 'இங்கிலீஷ் யு.எஸ்.' வைத்து நிறுவி முடித்துவிட்டு, 'செட்டிங்ஸ்', 'கீபோர்டு', 'இன்புட் சோர்சஸ்' பகுதியில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் இரண்டுக்கும் மாறலாம்.

திரை தபால்தலை அளவில் நிற்கிறது. காப்பி-பேஸ்ட் வேலை செய்யவில்லை. பகிர்ந்த கோப்புறை திறக்கவில்லை

இவை மூன்றும் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' (கெஸ்ட்டுக்குள் நிறுவும் விர்ச்சுவல் பாக்ஸின் துணை மென்பொருள்) இல்லாததன் அறிகுறிகள். முதலில் உபுண்டு டெர்மினலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' ஓட்டுங்கள். பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்து ஜி.சி.சி., மேக், பெர்ல், பிஜிப்2 நான்கையும் நிறுவுங்கள். இதைச் செய்யாமல் குறுந்தகட்டை ஓட்டினால் 'பிளீஸ் இன்ஸ்டால் த ஜி.சி.சி. மேக் பெர்ல் பேக்கேஜஸ்' என்று சொல்லிவிட்டு அரைகுறையாக முடியும். திரை மாறாததற்கு அதுதான் காரணம் என்று தெரியாமல் பலரும் குழம்புகிறார்கள்.

பிறகு 'டிவைசஸ்' மெனுவில் 'இன்செர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சி.டி. இமேஜ்'. குறுந்தகட்டைக் கோப்பு மேலாளரில் திறந்து, வெற்றிடத்தில் வலச்சொடுக்கி 'ஓப்பன் இன் டெர்மினல்' கொடுங்கள். அங்கே சூடோவோடு, புள்ளி-சாய்கோடு முன்னே வைத்து, 'விபாக்ஸ்லினக்ஸ்அடிஷன்ஸ்' என்ற பெயரும் 'ரன்' என்ற முடிவும் கொண்ட கோப்பை இயக்குங்கள். முதல் ஐந்து எழுத்துகளை, 'விபாக்ஸ்' என்பதையும் அடுத்து வரும் 'எல்'லையும் (வி, பி, எல் மூன்றும் பெரிய எழுத்து), தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயர் தானே நிரம்பிவிடும். மீதியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கல் இருக்காது. முடிந்ததும் ரீஸ்டார்ட்.

காப்பி-பேஸ்ட்டுக்கு 'டிவைசஸ்', 'ஷேர்டு கிளிப்போர்டு', 'பைடைரக்ஷனல்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் 24.04-இல் வெளியேறி, நுழைவுத் திரையில் பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு கீழ் மூலையில் வரும் பற்சக்கரத்தில் 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' என்பதைத் தேர்ந்து உள்ளே வாருங்கள். உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் வேலண்ட் திரை அமைப்பில் சில சமயம் கிளிப்போர்டு படுத்துவிடுகிறது.

பகிர்ந்த கோப்புறை 'மீடியா' கோப்புறைக்குள், பெயருக்கு முன்னால் 'எஸ்எஃப்' என்ற ஒட்டோடு தெரியும். திறந்தால் 'பர்மிஷன் டினைடு' என்று வந்தால், உங்கள் பயனரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்க்க வேண்டும். சூடோ, ஆட்யூசர், உங்கள் பயனர் பெயர், குழுவின் பெயர் என்ற வரிசையில் கட்டளை. அதன் பிறகும் ஒரு ரீஸ்டார்ட் வேண்டும், இல்லையென்றால் சேர்ந்தது தெரியாது.

வை-ஃபை சின்னமே இல்லை

இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஹோஸ்ட் வை-ஃபையில் இருந்தாலும் கெஸ்ட்டுக்கு அது கம்பி இணைப்பாகத்தான் தெரியும். 'நெட்வொர்க்' அமைப்பு 'என்.ஏ.டி.' (ஹோஸ்டின் இணைப்பு வழியாகவே கெஸ்ட் இணையம் பெறும் முறை) ஆக இருந்தால் உபுண்டுவுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைத்திருக்கும். அது கிடைத்தும் இணையம் வரவில்லை என்றால், டெர்மினலில் 8.8.8.8-க்கு பிங் செய்யுங்கள். பதில் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) கோளாறு, ஹோஸ்டில் வி.பி.என். ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள். விடுதி, கல்லூரி வை-ஃபைகளில் 'பிரிட்ஜ்டு' (கெஸ்ட் தனிக் கணினி போல நேரடியாக இணையும் முறை) வைத்தால் பெரும்பாலும் முகவரியே கிடைக்காது. அங்கே என்.ஏ.டி.தான் சரி. ஹோஸ்டிலிருந்து உள்ளே எஸ்.எஸ்.எச். (வேறொரு கணினியின் டெர்மினலுக்குள் நுழையும் வழி) செய்ய வேண்டுமானால், என்.ஏ.டி.யின் 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில் ஹோஸ்டின் 2222-ஐக் கெஸ்ட்டின் 22-க்குத் திருப்பிவிடுங்கள். உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்.எஸ்.எச். சர்வர் தானாக வருவதில்லை. அதையும் நிறுவ வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று 'பாஸ்டு' ஆகி நின்றுவிட்டது

ஹோஸ்டின் சி டிரைவ் நிரம்பியிருக்கும். வி.டி.ஐ. கோப்பு தொடக்கத்தில் சிறிதாக இருந்து, உள்ளே எழுத எழுத வளரும். 25 ஜி.பி. கொடுத்துவிட்டு ஹோஸ்டில் 12 ஜி.பி. மட்டும் காலியாக வைத்திருந்தால் ஒரு நாள் முட்டும். பதறி 'பவர் ஆஃப்' கொடுக்க வேண்டாம். ஹோஸ்டில் இடம் ஒழித்துவிட்டு 'மெஷின்' மெனுவில் 'பாஸ்' டிக்கை எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஹோஸ்ட் விண்டோஸ் இல்லை என்றால்

லினக்ஸ் ஹோஸ்டில் 'கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு' என்றும் 1908 என்ற எண்ணோடும் பிழை வந்தால், பெரும்பாலும் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் பாதுகாப்பு வசதி) விர்ச்சுவல் பாக்ஸின் மாட்யூலைத் தடுக்கிறது. மாட்யூலுக்குக் கையொப்பமிட்டுச் சாவியைப் பதிவு செய்யலாம். செக்யூர் பூட்டை அணைப்பது எளிய வழி, ஆனால் இரண்டாம்பட்சம். கெர்னல் 6.12 முதல் கே.வி.எம். (லினக்ஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதி) மாட்யூல் ஏறியதுமே சில்லுவின் வசதியைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் 'வி.எம்.எக்ஸ். ரூட் மோடு' பற்றிய பிழை வரலாம். அந்த மாட்யூலை இறக்கிவிட்டு மெய்நிகர் கணினியைத் தொடங்குங்கள்.

எம் வரிசைச் சில்லு கொண்ட மேக்கில் 'ஏ.எம்.டி.64' ஐ.எஸ்.ஓ. ஓடாது. விர்ச்சுவல் பாக்ஸ் 7.1-உம் 'ஆர்ம்64' ஐ.எஸ்.ஓ.வும் எடுங்கள், அல்லது யு.டி.எம். செயலியைப் பயன்படுத்துங்கள்.

மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை

மெய்நிகர் கணினியின் பெயர் மேல் வலச்சொடுக்கி 'ஷோ லாக்' கொடுங்கள். நீண்ட பதிவு திறக்கும். கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதுதான் சுலபம். 'விஇஆர்ஆர்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தொடங்கும் சொல் ஒன்றிரண்டு இடங்களில் இருக்கும். கோளாறின் உண்மையான பெயர் அது. யாரிடமாவது உதவி கேட்பதானால் அந்தச் சொல்லையும் அதற்கு முந்தைய பத்து வரிகளையும் எழுத்தாகவே நகலெடுத்துக் கொடுங்கள். கூடவே ஹோஸ்டின் விண்டோஸ் பதிப்பு, விர்ச்சுவல் பாக்ஸ் பதிப்பு, ஐ.எஸ்.ஓ.வின் முழுப் பெயர், ஆமை தெரிகிறதா சில்லுச் சின்னம் தெரிகிறதா என்பதையும் சொல்லுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று கேட்டால் பதில் சொல்கிறவர் இவற்றைத்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்பார்.

எல்லாம் சரியாகி, கெஸ்ட் அடிஷன்ஸும் ஏறி, திரை முழுதாக விரிந்த அந்த நிலையில் 'மெஷின்' மெனுவில் 'டேக் ஸ்னாப்ஷாட்' ஒன்று எடுத்து வையுங்கள். பிறகு எதைக் கெடுத்தாலும் இந்த இடத்துக்குத் திரும்ப வந்துவிடலாம்.